அப்பாவுக்காக வெட்டிய இரண்டு கிடாய்கள்

தொண்ணூறுகளில் ஒரு வருடம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களுக்குச் சற்று முன்பு, அப்பாவுக்குக் கோயமுத்தூரில் வயிற்று ஆபரேஷன் நடந்தது. பல்லடம் பக்கத்திலிருந்த எங்கள் சபை உபவாசமிருந்து ஜெபித்தது. எங்களைப்போல் வேதத்தில் சேராத பெரியப்பா தன் பங்குக்குக் கருப்பராயனுக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டார். அப்பா பிழைத்தார். பிழைக்க வைத்தது யார் என்பதில் இரண்டு தரப்புக்கும் சந்தேகமே இல்லை. டாக்டரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா கிடாயை வெட்டி, ஈரலை வறுத்து, தம்பியின் இலையில் தன் கையாலேயே வைத்தார். அப்பா சாப்பிட்டுவிட்டார். நாங்கள் வீடு வந்து சேருமுன்பே சேதி சபைக்குப் போய்விட்டது.

சிலுவையில் ஒரே தரம் பலி நடந்து முடிந்தது, இனி ஆட்டு ரத்தம் தேவையில்லை என்று பிரசங்கிக்கும் எங்கள் போதகர், விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்ற பாவத்துக்காக அப்பாவைச் சபை ஒழுங்கில் வைத்தார். ஒழுங்கு என்றால் கடைசி பெஞ்சு, அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து கிடையாது. உலகத்தின் பாவமெல்லாம் கழுவப்பட்டும் ஈரல் வறுவல் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அப்பாவுக்கு அப்படியில்லை. திருவிருந்து எடுக்காமலே செத்துப்போவோமோ என்று, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் போதகர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறன்று சபைமுன் பாவத்தை அறிக்கை செய்யச் சொன்னார்கள். அப்பா எழுந்து நின்றார்.

“எனக்காவ இயேசு செத்தாருங்க. அதைய நம்பறனுங்க. எங்கண்ணன் எனக்காவ அழுதுட்டே கெடா வெட்டுனாருங்க. வேண்டாம்னு சொல்ல வாய் வரலீங்க.”

மனந்திரும்பிய மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கமிட்டி கூடிப் பேசி மன்னித்தது. ஆனால் மன்னிக்கப்பட்டவர் ஈஸ்டர் ஆராதனைக்குப் பின் சபைக்கே விருந்து போடுவது எங்கள் வழக்கம். சைவம் போட்டால் மதிக்க மாட்டார்கள்.

கிடாய்க்குப் பெரியப்பாவின் பட்டியை விட்டால் எங்கே போவது? அவர் தானே ஓட்டி வந்து, சபைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தானே வெட்டி உரித்தும் கொடுத்தார். ஈஸ்டர் காலையில் அப்பா திருவிருந்து வாங்கினார். மதியம் சபையே மறுசோறு கேட்டு வாங்கியது.

பரிமாறிக்கொண்டிருந்த பெரியப்பா, போதகரிடம் மரியாதையாகத்தான் கேட்டார். “ஏனுங்கய்யா, இதைய என்ற தம்பி தின்னாப் பாவமில்லீங்களா?”

“இது ஜெபம் பண்ணுன கறிங்க.”

“நாங்களும் கும்புட்டுப்போட்டுத்தானுங்க வெட்டுனோம்.”

போதகரின் வாயில் எலும்பு இருந்தது. அப்பா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வெறும் மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தார். இன்னொரு தடவை மன்னிப்பு வாங்க அவருக்குத் தெம்பில்லை.