என் நிழலைப் பார்த்துத் திரும்பிய முட்கள்

சுட்ட சுண்ணாம்புக் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் "சொய்ங்" என்று ஒரு சத்தம் எழும்பும். கூடவே கிளம்புகிற ஆவி மூக்குக்குள் புகுந்து உச்சந்தலை வரை எரிக்கும். தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுவதும் அந்தச் சத்தமும் அந்த எரிச்சலும்தான். அத்தனை வீட்டுக்கும் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கொடுத்தவர் என் தாய்மாமா சுப்பையா. கிள்ளானில் அவருக்கு ஒரு காளவாய் இருந்தது. ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே, தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டுகிற ஒரு திட்டிலிருந்து பவளப்பாறையான முருகைக்கல்லைப் பெயர்த்து வந்து, கரையோரச் சேற்றில் வளர்கிற பாக்காவ் மரங்களை வெட்டி விறகாக அடுக்கி, அதில் வேகவைத்தால் சுண்ணாம்பு. கடலுக்குள் பூத்த கல் எங்கள் வீட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு பள்ளி விடுமுறையில் நானும் கல்லெடுக்க வருவேன் என்று அடம்பிடித்தேன். "தொட்டித் தண்ணியில குளிக்கவே அலறுவான், இவனையாடா தம்பி கடலுக்குக் கூட்டிட்டுப் போற?" என்றாள் அம்மா. என் வீரத்தைப் பற்றி அவள் சொன்ன உண்மைகளிலேயே நாகரிகமானது அதுதான்.

தொங்கான் என்கிற சரக்குப் படகை ஆழத்தில் நிறுத்திவிட்டு, சம்பான் என்கிற சின்னத் தோணியில் ஏறித் திட்டுக்குப் போனோம். ஒரு காலத்தில் அங்கே கல்லும் பொந்துமாக நெருக்கியடித்துக்கொண்டு கிடக்குமாம். நான் பார்த்தபோது திட்டு அரைகுறையாகச் சவரம் செய்த மோவாய்போல இருந்தது. நடுவில் ஒரே ஒரு பெரிய கல் மிச்சம். மாமா என்னைத் தூக்கி அதன் மேல் நிறுத்தினார்.

"கால கீழ வெச்ச, தொலைச்சுப்புடுவேன். சுத்தி 'புலு பாபி' கெடக்கு."

பன்றி மயிர் என்று மலாயில் பொருள். படித்தவர்கள் கடல் முள்ளெலி என்பார்கள். கறுப்பு உருண்டை, அதன் மேல் கோணி தைக்கிற ஊசிகளைப்போல நீள நீளமான முட்கள். மாமாவும் ஆட்களும் பெயர்த்த கல்லைச் சம்பானில் ஏற்றிக்கொண்டு தொங்கானுக்குப் போனார்கள். கடல் நடுவே மகாராஜாவைப்போல இடுப்பில் கைவைத்து நின்றேன். என் ஆட்சி, தண்ணீர் ஏற ஆரம்பிக்கும் வரை நடந்தது.

குனிந்து பார்த்தேன். என் கல்லைச் சுற்றிலும், இடுக்கெல்லாம், கறுப்புக் கம்பளம் விரித்தாற்போல அவைதான். பயத்தில் கையைத் தூக்கினேன். கையின் நிழல் தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடத்து முட்களெல்லாம் சட்டென்று நிழலை நோக்கித் திரும்பின. இடப்பக்கம் சாய்ந்தேன், இடப்பக்கத்து முட்கள் திரும்பின. வலப்பக்கம் சாய்ந்தேன், அங்கேயும் அதே மரியாதை. ஆகா, நம்மைத்தான் குறிபார்க்கின்றன என்று முடிவு கட்டி, நிழலைச் சுருக்குவதற்காகக் காதைப் பொத்திக்கொண்டு தோப்புக்கரணத்தில் பாதியில் நின்றவன்போல உட்கார்ந்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன், பிள்ளையாரைக் கூப்பிட்டேன். முருகனைக் கூப்பிட வாயெடுத்துவிட்டு, ஏற்கனவே இருக்கிற வேல்கள் போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது சம்பான் திரும்பியது. என்னிடம் அல்ல, திட்டின் ஓரத்தில் குவித்து வைத்திருந்த மீதிக் கல்லிடம். "கல்லு முழுகிடும்ல? இவன் எங்க போயிடப் போறான்!" என்று மாமா சொன்னது காற்றில் தெளிவாகக் கேட்டது. பாரத்தை ஏற்றிக்கொண்டு என் பக்கம் வந்த சம்பான், கனத்தில் தாழ்ந்து, உடைத்தெடுத்த கற்களின் துருத்திய அடிக்கட்டையில் "கரக்" என்று தட்டி நின்றுவிட்டது. இறங்கி நடக்கலாம் என்றால் முள் கம்பளம். தண்ணீர் இன்னும் ஏறினால் சம்பான் மிதந்துவிடும். ஆனால் அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன்.

"மாமா, முழங்காலுக்கு வந்துடுச்சு!"

"கத்தாதடா, யோசிக்கிறேன்!"

துடுப்பு போட்ட பாக் மாட் என்ற மலாய்க்காரருக்குச் சந்தைத் தமிழ் நன்றாக வரும். "யோசிக்க என்னா இருக்கு லா, அண்ணே? கல்லைக் கொட்டு. சின்னப் புடாக் அழுறான், பாரு."

மாமா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கல்லைப் பார்த்தார். அந்த 'மறுபடியும்' பார்த்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பிறகு, சின்னக் கல்லாகப் பொறுக்கிப் பொறுக்கித் தண்ணீரில் போட்டார். "பெருசைப் போடு லா!" என்று பாக் மாட் அதட்டிய பிறகுதான் பெரிய கற்கள் விழுந்தன. சம்பான் எழும்பி வந்தது. நான் பாய்ந்த பாய்ச்சலில் மாமா மல்லாந்தார். ஒரு முள்கூட என்னைத் தொடவில்லை; மாமாவின் குட்டுதான் வலித்தது.

தலையைத் தடவிக்கொண்டு விளிம்பில் எட்டிப் பார்த்தேன். கொட்டிய கற்களைத் தேடி அந்தக் கறுப்பு உருண்டைகள், முட்களையே கால்களாக ஊன்றி, விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தன. கல்லுக்கடியில் புகுந்ததும் அடங்கிவிட்டன.

"என்னைத் துரத்தலையா?" என்றேன்.

"உன்னை யாருக்கு வேணும்?" பாக் மாட் சிரித்தார். "பகல்ல அதுக்குப் பொந்து வேணும். பொந்தை எல்லாம் உங்க மாமா எடுத்துட்டாரு. உன் கல்லு ஒண்ணுதான் பாக்கி. நெழலு விழுந்தா மீனு கடிக்க வருதுன்னு அதுக்குப் பயம்."

நான் அதற்குப் பயந்து ஒடுங்க, அது எனக்குப் பயந்து முள்ளைத் தூக்க, ஒரே கல்லில் ஒண்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். மாமா அதைக் காதில் வாங்கவில்லை. தண்ணீருக்கடியில் போய்விட்ட என் கல்லையே அளவெடுத்துக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை இதையும் பேத்துடணும். நாலு வீட்டுக்குத் தாங்கும்."

தாங்கியது. போன மாதம் அந்தப் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்களோடு தொற்றிக்கொண்டு போனேன். தண்ணீர் வற்றியும் திட்டு தலைகாட்டவில்லை. துடுப்பை விட்டுப் பார்த்தால் சேறு. புலு பாபி இருக்கிறதா என்று கேட்டேன். படகுக்காரப் பையன், "அது எப்படி இருக்கும் அண்ணே?" என்றான். அவன் கேட்டது அதன் நிறத்தையும் உருவத்தையும்; ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

மாமாவும் போய்விட்டார், காளவாயும் அணைந்துவிட்டது. நான் இன்னும் அதே குவாட்டர்ஸில்தான் இருக்கிறேன். சுவரில் சாய்ந்தால் சட்டை முதுகில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். நான் நின்ற அந்தக் கல் எந்த நாலு வீட்டில் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ராத்திரி விளக்கேற்றியதும் சில சமயம் கதவைச் சாத்திவிட்டு, யாரும் பார்க்காதபடி, சுவருக்கு முன்னால் கையைத் தூக்கிப் பார்க்கிறேன். நிழல் பெரிதாக விழுகிறது. இடப்பக்கம் சாய்கிறேன், வலப்பக்கம் சாய்கிறேன். எதுவும் திரும்புவதில்லை.