செத்த மீனுக்கு மட்டும் வரும் போன்

என் மருமகனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்திய என் மகளுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

அவருக்கு வேலை, வளர்ப்பு மீன் ஏற்றுமதி செய்கிற கொட்டகையில். பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரும் மீனும் விட்டு, மீதி இடத்தில் ஆக்சிஜன் அடைத்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்கி, தெர்மாகோல் பெட்டிக்குள் படுக்க வைப்பார். பெட்டி விமானம் ஏறும். அவர் ஏறியதே இல்லை.

இப்போது ஏற வேண்டி வந்தது. மீன் போகிற அதே ஊரில்தான் பேத்தி வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதிவுத் திருமணம். என் மகள் முன்னாலேயே போய்விட்டாள். இவருக்கும் டிக்கெட் வந்துவிட்டது. மனிதர் அசையவில்லை.

"மூவாயிரம் கிலோமீட்டர்தான்பா. நாலரை மணி நேரம். ஒரு தூக்கம் போட்டா இறங்கிடலாம்" என்றாள் பேத்தி போனில்.

"நாலரை மணிங்கறது வானத்துல மட்டும்மா. ஏறுறதுக்கு முன்னாடி காத்துக் கெடக்கணும், எறங்குனா சோதனை, மழை பெஞ்சா எறங்கவே விடமாட்டான். நான் ஒரு நாள் பூரா தாங்குற மாதிரிதான் காத்து அடைக்கிறேன். அப்பவும் மீனு செத்துப் போயிடுதே!"

"உங்களை என்ன பையில கட்டியா அனுப்புறோம்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "எதைப் பாத்து மாப்பிள்ளை இப்படிப் பயப்படுறீங்க?" என்றேன். தன் போனை நீட்டினார். அந்த ஊரில் இவர் மீனை வாங்கும் கடைக்காரர் அனுப்பிய படங்கள். எல்லாம் செத்த மீன். தள்ளத் தள்ள அதேதான்.

"பொழைச்ச மீன் படம் எங்க?"

"அதை எதுக்கு அத்தை அனுப்பப் போறான்? செத்தா போன் பண்ணித் திட்டுவான், படம் அனுப்புவான். நல்லா வந்து சேந்தா பேச்சே இருக்காது."

அட கடவுளே! அந்த வழியைப் பற்றி இத்தனை வருடமாக இவர் காதில் விழுந்ததெல்லாம் சாவுச் செய்திதான். அப்புறம் நாலரை மணியானால் என்ன, நாலு நிமிடமானால் என்ன?

சும்மா விடுவேனா? பேத்தியைக் கூப்பிட்டு, "அந்தக் கடைக்குப் போய் உங்கப்பனுக்கு நேரா காட்டுடி" என்றேன்.

"கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு பாட்டி!"

"அப்பா வேணுமா, வேணாமா?"

போனாள். வீடியோவில் கண்ணாடித் தொட்டி தெரிந்தது. போன வாரம் இவர் கட்டிய ஆரஞ்சு மீன்கள் கூட்டமாகத் திரும்பின. மருமகன் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"அந்த வால் கிழிஞ்சது... அது தேறாதுன்னுல்ல நெனச்சேன்" என்றார் மெதுவாக. உடனே, "இவ்ளோ வெளிச்சம் எதுக்குப் போட்டிருக்கான், மடையன்!"

அன்று சாயங்காலமே துணி எடுத்து வைத்தார். அதோடு தொல்லை விட்டதா? மீனைக் கட்டுவதற்கு முந்தின நாள் இரை போட மாட்டார்கள். தண்ணீர் கெடாமல் இருக்கும். அதேபோல இவரும் கிளம்புவதற்கு முந்தின நாளிலிருந்து பட்டினி. கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

விமானம் கிளம்பியது. நாலரை மணி நேரம் போனது. அதற்கு மேல் இன்னும் அவ்வளவு நேரம் போனது. போன் இல்லை. மகளும் எடுக்கவில்லை. கடைசியில் அவரையே கூப்பிட்டேன்.

"என்ன மாப்பிள்ளை, உசுரு கையில இல்ல எனக்கு. ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"எதுக்கு அத்தை? நான் நல்லாத்தானே வந்து சேந்தேன்!"