கிணறு தேடிய கிழவர்

ஒப்பந்த வேலைக்காகப் பல ஊர் சுற்றிவிட்டுப் போன மாதம் நெய்வேலிக்கு வந்தேன். ஞாயிறு மதியங்களில் ஒரு குவார்ட்டர்ஸில் யாரும் கேள்விப்படாத வெளிநாட்டுப் படங்கள் போடுகிறார்கள் என்றார்கள். மின்விசிறிக்கும் தேநீருக்கும் ஆசைப்பட்டுத்தான் போனேன்.

அன்றைய படத்தில் பேச்சே குறைவு. ஒரு கிழவர் வெட்டவெளியில் குழி தோண்டுகிறார், மூடுகிறார், நகர்ந்துபோய் மறுபடி தோண்டுகிறார். திரையில் கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தை ஏழாவதோடு நின்ற என்னால் படிக்க முடியவில்லை. பக்கத்தில் கம்மாபுரத்து அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா தேடுறாரு?"

"அவரு கெணத்ததான். நெலத்த எடுத்துக்கினு மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. எடம் தெரியாம அலைஞ்சிக்கினு இருக்காரு, பாவம்."

அதன்பிறகு நான் தேநீரைக்கூடத் தொடவில்லை. கடைசியில் கிழவர் குழிக்குள் உட்கார்ந்து சிரித்தார்.

"தண்ணி வந்துடுச்சு தம்பி," என்றார் அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படம் போட்டவரிடம், "கெணறு கெடைச்சிடுச்சே சார்!" என்றேன்.

"கெணறா? திருடிப் பொதைச்ச நகையை இல்ல தேடுறான்! கெடைக்காம பைத்தியமாயிடுறான்."

திரும்பினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். "எனக்கு மட்டும் இங்கிலீஷ் வருமா? எங்க நெலம் மைன்ஸுக்குப் போயிடுச்சு. அந்தப் பக்கம் போனா, நம்ம கெணறு எங்க இருந்துச்சின்னு நானும் இப்படித்தான் பாத்துக்கினு இருப்பேன்."

அந்தப் படம் தமிழ் எழுத்தோடு செல்போனிலேயே கிடைக்கும் என்றார் படம் போட்டவர். நான் தேடவில்லை. அவர் சொன்னதே சரியாக இருக்கலாம். என்னைப் பொறுத்தவரை அந்தக் கிழவருக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது.