அம்மப்பாவின் வலக்கை

என் அகதி விசாரணைக் கோவைக்குள், மற்றப் பத்திரங்களோடு, ஒரு பட்டாளத்துக்காரரின் படத்தை நானே கொண்டுபோய் வைத்தேன். படத்தில் நின்றவர் என் அம்மப்பா. முதலாம் உலகப் போரில் வெள்ளைக்காரனின் படையில் மருத்துவக் கப்டன். கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் இருந்த அம்மா அனுப்பிய படம் அது. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். உந்தப் படத்தைக் காட்டு, எழும்பி நிப்பினம்" என்று கடிதமும் எழுதியிருந்தார்.

ஆனால் குடும்பத்தில் எவராவது படையில் இருந்தாரா என்ற கேள்விக்கு, விண்ணப்பத்தில் நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். இது உறைத்தது விசாரணையன்று காலை, அகதியாய் வந்து நான் தங்கியிருந்த மல்வேர்னில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான். என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை துணைக்கு வந்திருந்தார்; சொன்னதும் தலையில் கைவைத்தார்.

"ஆரடா உனக்கு உந்தப் புத்தி சொன்னது? அங்க ஒரு பொய் பிடிபட்டால் மிச்ச உண்மையெல்லாம் பொய்தான். திருப்பி ஏத்தி விட்டிடுவாங்கள்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமலே கெட்டிருந்தேன்.

விசாரித்த பெண்மணி முதலில் எடுத்ததே அந்தப் படத்தைத்தான். மொழிபெயர்க்க வந்திருந்த எங்கள் ஊர் அன்ரியின் குரல் தணிந்துபோயிற்று.

"ஆமியில ஒருத்தரும் இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்ப இது ஆர் எண்டு கேக்கிறா."

"அம்மாவின்ர தேப்பன். வீட்டில டொக்டர் எண்டுதான் சொல்லுறது. எழுதேக்க ஆமி எண்டு நினைவே வரேல்லை."

பெண்மணி எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். அம்மப்பா கொழும்பில் படித்ததையும், பஸ்ராப் போர்முனையில் கூடாரத்துக்குள் காயக்காரரை வெட்டித் தைத்ததையும் சொன்னேன்.

"பிறகு ஏன் ஆமியை விட்டவராம்?"

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு பதில் தயாராக இருந்தது: வெள்ளைக்கார ராசா மரியாதையோடு ஓய்வு கொடுத்தார். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் சொன்னது. எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெண்மணி படத்தை என் பக்கம் தள்ளினார். அம்மப்பாவின் இடக்கையில் பிரம்பு. வலக்கை முதுகுக்குப் பின்னால்.

"கூடாரத்தில ஷெல் விழுந்தது. மேசையில கிடந்தவன் அவற்ர கைக்குள்ளயே முடிஞ்சான். அண்டைக்குப் பிடிச்ச நடுக்கம், சாகுமட்டும் அந்தக் கை நிக்கேல்லை. வீட்டுக்கு அனுப்பிப் போட்டினம். பிறகு கத்தி தொடேல்லை. உந்தக் கதையை நாங்கள் வெளியில சொல்லுறேல்லை."

அன்ரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். இந்தமுறை பெண்மணி எழுதவில்லை. படத்தை உறைக்குள் வைத்தார்.

"இப்ப உங்கட கதையைச் சொல்லட்டாம்."

இரண்டு மணித்தியாலம் சொன்னேன். இடைவேளை முடிந்து வந்து பெண்மணி முடிவை வாசித்தார். "ஏற்றுக்கொண்டினம், தம்பி" என்ற அன்ரிக்கே கண் கலங்கியிருந்தது. பெண்மணி கோவைகளை அடுக்கிக்கொண்டு எழுந்தார்.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"படத்தைக் காட்டினியே? எழும்பி நிண்டவையே?"

"ஓம் அம்மா, நிண்டவ."

"நான் சொன்னனான்தானே! அவரைப் பற்றி வேற என்ன கேட்டவை?"

"வேற ஒண்டும் கேக்கேல்லை அம்மா."