நடுவர் மேசையில் ஒரு தீப்பெட்டி

செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு பாதங்களையும் வெறுந்தரையில் அழுத்திக்கொள்கிறாள் சித்தி. மேடையில் டிரம்ஸ்காரப் பையன் பெரிய டிரம்மை மிதிக்கும்போதெல்லாம் அவளுடைய கால் கட்டைவிரல் துள்ளுகிறது. மிதி தாமதமானால் விரல் காத்திருக்கிறது, முந்திக்கொண்டால் மடங்கிவிடுகிறது. "டிரம்ஸைக் காதால மட்டும் கேக்கறவன் ஏமாந்து போவான். தரை பொய் சொல்லாது" என்பது அவள் கட்சி. பக்கத்து நாற்காலியில் இருக்கும் சக நடுவருக்கு இது பிடிப்பதில்லை. எந்த வெயிலிலும் கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டி வருகிற மனிதர் அவர். மேசைக்கு அடியில் வெறுங்கால் என்றால் மூக்கைச் சுளித்துக்கொண்டு நாற்காலியைச் சற்றே நகர்த்திப் போட்டுக்கொள்வார்.

மாணவர் இசை விழாவின் ஜாஸ் போட்டியில் நடுவர்கள் மதிப்பெண் போடுவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. பேண்டு வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் தங்கள் கருத்தைத் தணிந்த குரலில் பேசிப் பதிந்துகொண்டே போவார்கள். விழா முடிந்ததும் அந்தப் பதிவுகள் அந்தந்தப் பள்ளிக்குப் போய்விடும். பட்டாம்பூச்சி டை பேசினால் வானிலை அறிக்கை போல இருக்கும். சித்தியின் பதிவுகளையோ பிள்ளைகள் பேருந்தில் போட்டுக் கேட்டுச் சிரித்து, சிரித்து முடித்ததும் மௌனமாகிவிடுவார்களாம். "டிரம்ஸ் தம்பி, வாசிக்கிறியா, துணி துவைக்கிறியா? கசக்கினது போதும், அலசு." "சாக்ஸபோன் கண்ணு, தனியா வாசிக்கச் சொன்னா பேசணும்டா. நீ மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிறே." "டிரம்பெட் ரெண்டு பேருக்கும் என்ன சண்டை? வீட்டுல வெச்சுக்கோங்க."

ஆள் குள்ளம், ஒல்லி. அவள் வாசிக்கிற டிரம்போன் என்ற நீண்ட குழாய் வாத்தியத்தை உறையோடு நிமிர்த்தி வைத்தால் அவள் தோளுக்கு வரும். எங்கே உரசினாலும் பற்றிக்கொள்வதால் அவளுடைய பள்ளியில் 'தீப்பெட்டி டீச்சர்' என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். "தீப்பெட்டின்னா பரவாயில்லை. நமுத்துப்போன தீப்பெட்டின்னு சொன்னாத்தான் உதைப்பேன்" என்பாள். மேலுதட்டின் நடுவில், வருஷக்கணக்காக ஊதியதால் விழுந்த வட்டத் தழும்பு ஒன்று உண்டு. கோபம் வந்தால் முகத்தில் முதலில் சிவப்பது அதுதான்.

இந்தக் கோபம் வீட்டில் வராது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துடைத்துவிடுவாள். மகன் கணக்கில் தோற்றபோது, "நானும் தோத்தேன், உங்கப்பாவும் தோத்தார், குடும்ப வழக்கம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். கண்ணாடிக் கடையில் பார்வை அளவு பார்க்கிற சித்தப்பாவுக்கு ஆச்சரியமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிற்று. "விழா மாசத்துல உங்க சித்திக்குக் கோபம் வரலைன்னா நான் தெர்மாமீட்டர் தேட ஆரம்பிச்சுடுவேன்மா" என்றார் என்னிடம். நான் நீண்ட நாள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். சித்தி அப்போது இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் இருந்தது ஒரு நீல ரிப்பன். சாட்டின் துணியில் பூப்போல மடித்து, கீழே இரண்டு வால் விட்டு, நடுவில் பொன்னிற எழுத்தில் 'நடுவர்' என்று பொறித்தது. மெல்லிய கைக்குட்டையை மேலே போட்டு, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல அதை இஸ்திரி போட்டாள்.

அந்த ரிப்பனுக்காக அவள் நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறாள். விழாக் குழு அவளுடைய விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தது. "சேர்ந்திசைக்கு வேணும்னா வாங்க மேடம். ஜாஸுக்கு ஆம்பளைங்க இருக்காங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மாலை நேரங்களில் ஹோட்டல் கூடங்களில் அவள் ஜாஸ் வாசிக்கப் போனபோது, கைகழுவ எழுந்து போகும் வழியில் நின்று கேட்டுவிட்டு, "பொம்பளை இவ்வளவு ஊதுதே!" என்று வியந்தவர்களும் இவர்கள்தான். கடைசியில் ஒரு வருஷம் நடுவர் ஒருவருக்குப் பல் பிடுங்கவேண்டி வந்து, இவளைக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இந்த வருஷம் அந்த நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. காரணம் பயிற்சியாளர்கள். பேண்டு வாசித்து முடித்ததும் நடுவர்களில் ஒருவர் மேடையேறி, பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசி, திருத்திக் காட்டுவது விழாவின் வழக்கம். சித்தி ஏறினால் முதலில் பயிற்சியாளரைப் பார்த்து, "சார், போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்பாள். அவரை இறக்கிவிட்டு, கையசைக்க ஆளில்லாமல் பிள்ளைகளை வாசிக்கவைப்பாள். "ஜாஸ்ல எதுக்குய்யா கொசு விரட்டறே? ஒருத்தர ஒருத்தர் கேக்கட்டும்." பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பயிற்சியாளர்களுக்கு அவமானம். போன வருஷம் அவர்கள் கூடிப் புகார் சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் நானும் அவளோடு விழாவுக்குப் போயிருந்தேன். விழாச் செயலாளர் காலையிலேயே வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், இந்தத் தடவை யாரையும் மேடையிலேர்ந்து இறக்காதீங்க. இறக்கினா அடுத்த வருஷம் உங்களுக்கு இங்க நாற்காலி இல்லை. குழு தீர்மானமே போட்டாச்சு."

"டீ கூடக் குடிக்கக்கூடாதா அவங்க?"

"மேடம்."

"சரி சரி. வாயைத் தெச்சுக்கறேன்."

மதியம் வரை தைத்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அந்தப் பள்ளி வந்தது. வருஷா வருஷம் கோப்பை தூக்குகிற பள்ளி. பயிற்சியாளர் வெள்ளைக் கோட்டு போட்டவர்; மேடை விளக்கில் சலவைத்தூள் விளம்பரம் மாதிரி ஜொலித்தார். பிள்ளைகள் வரிசை பிசகாமல் உட்கார்ந்தார்கள். வாசிப்பிலும் பிசகே இல்லை. நடுவர் மேசையை ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. பட்டாம்பூச்சி டை கண்ணை மூடித் தலையசைத்தார்.

சித்தி பதிவுக் கருவியில் எதுவும் பேசவில்லை. அவள் திட்டும்போது பயமில்லை. பேச்சு நின்றால்தான் பயம். கால் கட்டைவிரலும் நின்றுபோயிருந்தது.

"மூணாவது டிரம்போன் தண்ணியே வடிக்கலை" என்றாள்.

"யாரு?" என்றார் டை.

"அந்தக் கடைசிப் பொண்ணு. ஹாலு ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு. பக்கத்துல ரெண்டு பசங்களும் ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் குனிஞ்சு வடிக்கறாங்க. கால்கிட்டப் பாருங்க, ஆளுக்கு ஒரு துண்டு விரிச்சிருக்காங்க. இவளுக்குத் துண்டே இல்லை."

ஊதுகிறவரின் மூச்சு குளிர்ந்த குழாய்க்குள் நீராகித் தேங்கும். டிரம்போன்காரர்கள் நீண்ட குழாயின் கோடியில் உள்ள சிறு திறப்பை அழுத்தி அதை வடித்துவிடுவார்கள். வடிக்காவிட்டால் பாட்டுக்குள் கொப்புளிக்கிற சத்தம் கேட்கும்.

"அடக்கமா வாசிக்குதோ என்னமோ" என்றார் டை.

"அடக்கமா வாசிச்சாலும் மூச்சு மூச்சுதானே? காத்து போனா தண்ணி வரும். போகலை. குழாயை முன்னாலயும் பின்னாலயும் இழுத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கு."

"காதுக்கு வராத தப்புக்கு மார்க்கைக் குறைக்க முடியாதும்மா. மொத்தச் சத்தமும் சுத்தமா இருக்கே, நமக்கு வேற என்ன வேணும்?"

சித்தியின் மேலுதட்டு வட்டம் சிவந்துவிட்டது. டிரம்போன் வரிசையில் ஆள் குறைந்தால் மதிப்பெண் குறையும் என்பது விழா விதி. ஆள் நிறைந்திருக்கிறார்களா என்று மட்டும்தான் விதி பார்க்கும்.

மேடையேறுவது அவளுடைய முறை. அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொள்ள மறந்து வெறுங்காலோடு ஏறினாள். வெள்ளைக் கோட்டு கைகுவித்தார். சித்தி ஒலிவாங்கியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தாள். நான் முதல் வரிசையின் ஓரத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"கடைசிப் பொண்ணை ஏன் ஊதவிடலை?"

அவர் சிரிப்பு கலையவில்லை. "அது ஊதினா மொத்தமும் கெட்டுப்போகும் மேடம். ஆள் கணக்குக்கு உக்கார வெச்சிருக்கேன். உங்களுக்குத் தெரியாததா? எல்லாப் பள்ளியிலயும் நடக்கறதுதானே?"

அவர் தோலை உரித்துத் தொங்கவிட அவளிடம் வார்த்தைகள் இருந்தன. கையில் ஒலிவாங்கியும் இருந்தது. கூடம் முழுக்கப் பெற்றோர்கள். ஆனால் பின்வரிசையில் அந்தப் பெண் டிரம்போனைக் கட்டிக்கொண்டு இவர்கள் இருவரையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையும் முதலில் அவள்மேல்தான் விழும். சித்தி வாயைத் திறந்தாள், மூடினாள். அத்தனை கோபத்தையும் அவள் விழுங்கி நான் பார்த்தது அன்றுதான். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

பிறகு ஒலிவாங்கியிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், தொண்டை காஞ்சிருக்கும். போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க."

கூடத்தில் சிரிப்பு. செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். வெள்ளைக் கோட்டு தணிந்த குரலில், "குழு தீர்மானம் ஞாபகம் இருக்கா மேடம்?" என்றார்.

"நல்லா இருக்கு. சக்கரை கம்மியா போடச் சொல்லுங்க."

அவர் இறங்கினார். செயலாளர் மேடைப் படியின் கீழே வந்து கைகட்டி நின்றார்.

"எல்லாரும் ஒரே ஒரு சுரம் பிடிங்க" என்றாள் சித்தி. "அவங்கவங்க மூச்சு தீர்ற வரைக்கும். யாரும் கையாட்ட மாட்டாங்க. பக்கத்துல இருக்கறவன் மூச்சு இழுக்கறதைக் கேட்டு ஆரம்பிங்க."

முதல் முறை பாதிப் பேர் வெள்ளைக் கோட்டு நின்ற காலி இடத்தையே பார்த்துக்கொண்டு தடுமாறினார்கள். சித்தி பின்வரிசைக்கு நடந்து போய், ஒரு நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஒலிவாங்கியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊது."

"சார் திட்டுவாங்க மிஸ்."

"சார் டீ குடிக்கறார்."

"கெட்டுப்போயிடும் மிஸ்."

"கெடட்டும்! ரிகர்சல்லயும் உன்னைக் கெடுக்க விடலை, இங்கயாவது கெடுத்துட்டுப் போ. பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்ல? எவன் என்ன சொல்றான்னு பாக்கறேன்."

என் நாற்காலி வரைக்கும் கேட்ட அதட்டல்தான். கொஞ்சல் அவளுக்கு வராது. அந்தப் பெண் ஊதினாள். மழையில் நனைந்த மாடு வழி தெரியாமல் கத்துவதுபோல ஒன்று வெளியே வந்தது. கூடத்தின் பின்புறம் யாரோ பக்கென்று சிரித்தார்கள். சித்தி தலையைத் திருப்பினாள். சிரிப்பு பாதியில் செத்தது.

"இன்னொரு தடவை."

இந்த முறையும் மாடுதான். ஆனால் பக்கத்து டிரம்போன் பையன், யாரும் சொல்லாமலே, தன் குழாயை ஒரு மயிரிழை நீட்டி, தன் சுரத்தை இறக்கி அவள் சுரத்தோடு கொண்டுபோய் ஒட்டினான். அடுத்தவனும் இறக்கினான். சாக்ஸபோன்கள் தேடிக்கொண்டு வந்தன. அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். நாள் முழுக்கக் கேட்டதில், மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டது அப்போதுதான். சித்தியின் கட்டைவிரல் பலகையில் மெல்லத் துள்ளத் தொடங்கியது.

மறுபடி ஊதினார்கள். மறுபடியும். அதற்கடுத்த முறை மூன்றாவது டிரம்போனுக்குள் கொளகொளவென்று ஏதோ புரண்டது. அந்தப் பெண் பதறி வாயை எடுத்தாள்.

"தண்ணி" என்றாள் சித்தி. "வடிச்சுடு."

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். பக்கத்துப் பையன்களின் கால்மாட்டில் துண்டுகள் இருந்தன. அவள் கால்மாட்டில் மெருகேற்றிய பலகை பளபளத்தது. மேடையை நனைக்கக்கூடாது என்று காலையிலிருந்து ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தவர், படிக்குக் கீழே கைகட்டி நிற்கிற அதே செயலாளர்தான். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சித்தியைப் பார்த்தாள்.

சித்தி தன் சட்டையில் கையை வைத்து ஊசியைக் கழற்றினாள். நீல ரிப்பனின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, முழங்காலில் வைத்து ஒருமுறை நீவி, குனிந்து, பொன்னெழுத்து மேலே தெரிய, டிரம்போன் குழாயின் கோடிக்கு நேர் கீழே தரையில் விரித்தாள்.