ஆஸ்திரேலியக்காரியின் கந்தசஷ்டி

என்னோடு மோதவிருந்த முதல் பெண் விரல் சுளுக்கிவிட்டது என்று சொல்லி விலகிக்கொண்டாள். இரண்டாவது பெண் காரணமே சொல்லவில்லை. அப்படி ஒருத்தி உண்மையில் இருந்தாளா என்பதே எனக்கு இன்றைக்கும் சந்தேகம். சண்டைகளை ஏற்பாடு செய்கிற மனிதர் தொலைபேசியில், கவலைப்படாதே, இன்னொருத்தி கிடைப்பாள் என்றார். ஈரம் பூத்த வீட்டை வாடகைக்குக் காட்டுகிற ஏஜெண்டின் குரல் அது. லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடமாகியும் நான் ஒரு சண்டைகூடப் போட்டிருக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே சிட்னிக்குப் போனவள். அங்கே பள்ளிக்கூடத்தில் ஜூடோ பழகினேன். பிறகு டயர் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த ஜிம்முக்குப் போனேன். அடிப்பது, உதைப்பது, கீழே தள்ளுவது, கை மூட்டைத் திருகுவது, கழுத்தை நெரிப்பது எல்லாம் கலந்த சண்டை அங்கே சொல்லித் தந்தார்கள். அந்த நாட்களில் என் எடைப் பிரிவில் சண்டைக்கு வரும் பெண்கள் சிட்னியில் மிகக் குறைவு. இரண்டு பேரை வென்றேன். மிச்சமிருந்தவர்கள் என்னோடு சேர்ந்து பயிற்சி செய்கிற தோழிகள். அதனால்தான் ஆஸ்திரேலிய இளசுகளுக்குக் கொடுக்கிற இரண்டு வருட விசாவில் லண்டனுக்கு வந்தேன். பகலில் அலுவலகங்களில் தற்காலிக வேலை. மாலையில் ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குள் இருந்த ஜிம்மில் பயிற்சி.

ஏற்பாட்டாளரை முதன்முதலில் பார்க்கப் போனபோது அவர் என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆஸ்திரேலியக்காரி எங்கே என்று தேடியிருக்கிறார். நான்தான் என்றேன். சிரித்துக் கையைக் கொடுத்தார். பிறகு வந்த போஸ்டரில் மற்றவர்களின் படமெல்லாம் இருந்தது. என் பெயருக்கு மேலே மட்டும் ஒரு கங்காருவை வரைந்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்த மனிதர் சொன்ன எதையும் நான் ஒரு தடவையில் நம்பியதில்லை.

நான் தங்கியிருந்தது நோர்பரியில், அம்மாவின் தங்கை வீட்டில். சித்தப்பா தவறிவிட்ட பிறகு சின்னம்மா தனியாகத்தான் இருந்தா. பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை. சண்டை விஷயத்தை அவவிடம் மூச்சுக்கூட விடாதே என்று அம்மா சிட்னியிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தா. சின்னம்மாவுக்குத் தெரிந்தால் லண்டன் முழுக்கத் தெரிந்த மாதிரி. ஆகவே மாலையிலும் அலுவலக வேலை என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் சின்னம்மாவின் கண் சாதாரணக் கண் அல்ல.

"உதென்ன கழுத்தில?"

"பை வார் இறுக்கினது, சின்னம்மா."

"ரெண்டு பக்கமுமோ?"

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்னொரு நாள் என் கண்ணுக்குக் கீழே கன்றியிருந்ததைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். அதற்குப் பிறகு என் கைத்தொலைபேசி அடித்தால் சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றுபோகும். என் பையில் கையுறைகள் நான் வைத்த இடத்தில் இருக்காது. நானும் சும்மா இருக்கவில்லை. சண்டை நெருங்கும்போதெல்லாம் எடை ஏறுகிறதே, கஞ்சியில் நெய் ஊற்றுகிறாவோ என்று அடுப்படியை நோட்டம் விட்டேன். நெய்ப் போத்தலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தூக்கிப் பார்த்தேன். அந்தச் சின்ன ஃபிளாட்டில் இரண்டு பொம்பிளைகள் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது சண்டை தீபாவளி கழிந்து வருகிற சனிக்கிழமைக்கு முடிவாயிற்று. புது வருடத்துக்கு முன் என் விசா முடிகிறது. இதுவும் கைநழுவினால் சிட்னிக்குத் திரும்பி, ஆளில்லாத எடைப் பிரிவில் தனியாக நின்று, கையுறையைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டியதுதான். முதல் நாள் வெள்ளிக்கிழமை எடை பார்ப்பார்கள். அதற்குள் உடம்பைக் குறைக்க வேண்டும். முதலில் சாப்பாட்டைக் குறைத்து, கடைசியில் தண்ணீரையும் நிறுத்துவது எங்கள் வழக்கம்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் இடியப்பத்தைத் தொடவில்லை. மத்தியானம் சோறும் வேண்டாம் என்றேன். முதல் நாள் பலகாரத்தட்டில் என் பங்குப் பயற்றம்பணியாரம் அப்படியே கிடந்தது. சின்னம்மா என்னைக் கூர்ந்து பார்த்தா. பிறகு அவவின் முகம் மலர்ந்தது.

"சட்டி பிடிக்கிறியோ, பிள்ளை?"

அன்றைக்குக் கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது என்பதே எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முருகனுக்குப் பட்டினி கிடந்து, சூரன்போர் பார்த்து, மறுநாள் காலை பாறணைச் சாப்பாட்டோடு முடிக்கிற விரதம். கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் நல்ல மாப்பிள்ளை வேண்டிப் பிடிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரன்போர் வெள்ளிக்கிழமை. எடை பார்க்கிற நாளும் அதுவே. நானாகத் திட்டம் போட்டிருந்தாலும் இப்படிப் பொருந்தியிருக்காது. ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சின்னம்மாவுக்கு அது போதுமாயிருந்தது.

பின்னேரமே தொலைபேசியில் கதை தொடங்கிவிட்டது.

"ஓம், அக்கான்ர மகள்தான். ஆஸ்திரேலியாவில வளந்த பிள்ளை எண்டு சொல்லவே ஏலாது. பச்சைத் தண்ணியும் பல்லில படேல்லை."

நோர்பரித் தமிழ்க் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னை மறித்து, "மிளகும் தண்ணியும் மட்டுமோ?" என்று பக்தியோடு கேட்டா. அவவின் பார்வை என் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை போய் வந்தது. மகனுக்கு அளவெடுக்கிறா என்று எனக்கு விளங்கியது. விலகி நடந்தேன்.

சின்னம்மாவும் விரதம்தான். இரவில் கொஞ்சம் பாலும் பழமும் எடுப்பா. வியாழக்கிழமை நான் தண்ணீரையும் விட்டபோது அவவுக்குக் கவலை வந்துவிட்டது. எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் கரைத்த தேசிக்காய்த் தண்ணியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தா. உப்பு! உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற சாமான். இவவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, வேண்டுமென்றே செய்கிறா என்று நான் அந்த நிமிடத்தில் நிச்சயமாக நம்பினேன். அவ அந்தப் பக்கம் போனதும் சிங்கில் ஊற்றிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்ட்ரெதம் பஸ்ஸில் ஏறி மேல்தட்டில் போய் உட்கார்ந்தேன். கீழ்த்தட்டில் யார் ஏறினார்கள் என்று பார்க்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான் அன்றைக்கு மட்டும் திரும்பிப் பார்க்காமல் விட்டேன். பசி மூளையை மந்தமாக்கிவிடும்.

எடை பார்த்தது பட்மின்டன் விளையாடுகிற மண்டபம் ஒன்றில். சுற்றிவர ஆண்கள். நான் அரைக்காற்சட்டையும் மேல் உள்ளாடையுமாகத் தராசில் ஏறினேன். எடை சரி என்று சத்தமாகச் சொன்னார்கள். மூச்சை விட்டபடி நிமிர்ந்தபோது வாசலில் சின்னம்மாவைக் கண்டேன். கோயிலுக்குக் கட்டிய சேலை, மேலே கோட், நெற்றி நிறைய விபூதி, கையில் தேங்காயும் பூவும் வைத்த பை. யாரோ ஒருத்தனைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தவ, வரிசையாக நின்ற அத்தனை ஆண்களில் எவன் என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றா.

அதற்குள் என் எதிராளி தராசில் ஏறினாள். வெள்ளைக்காரப் பெண். கன்னமெல்லாம் சிவந்து தளதளவென்று இருந்தாள். பட்டினி கிடந்த முகம் அப்படி இருக்காது. எங்கள் எடைப் பிரிவைவிட நாலு கிலோ கூடுதல். தோளைக் குலுக்கிவிட்டுக் கீழே இறங்கித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள். அவளுக்கு உடம்பு சரியில்லையாம் என்று ஏற்பாட்டாளர் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். விதிப்படி நான் மறுக்கலாம், மறுத்தால் சண்டை இல்லை, நீயே முடிவு செய் என்று என் கோச் காதுக்குள் சொன்னார். இவரும் ஏற்பாட்டாளரும் முதலிலேயே பேசிவைத்திருப்பார்களோ என்றுதான் எனக்கு ஓடியது.

சின்னம்மா நேராக என்னிடம் வந்து தன் கோட்டைக் கழற்றி என்னைச் சுற்றிப் போர்த்தினா.

"முதல்ல இதைப் போடு. என்னடி இது?"

"நாளைக்கு எனக்குச் சண்டை, சின்னம்மா. அந்தப் பெட்டையோட."

அந்தப் பெண்ணை அளந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினா.

"அப்ப நீ விரதம் பிடிக்கேல்லை."

"சாப்பிடேல்லைத்தானே."

"அது பட்டினி. விரதமில்லை." என் கழுத்தடியில் கோட்டை விலக்கிப் பார்த்தா. "கழுத்தில கிடந்ததெல்லாம் உதாலயோ?"

"ஓம்."

"ஆரோ ஒருத்தன் உன்னைப் போட்டு அடிக்கிறானெண்டு நினைச்சனடி. இந்த முறை சட்டியை நான் ஆருக்குப் பிடிச்சனெண்டு நினைக்கிறாய்? அவன் உன்னை விட்டுத் துலையவேணுமெண்டுதான் கிடந்தனான்."

"நான் கேட்டனானே?" என்று கத்திவிட்டேன். அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னம்மா பையை எடுத்துக்கொண்டு சூரன்போருக்குப் போய்விட்டா. நவம்பர் குளிரில், கோட் இல்லாமல், வெறும் சேலையோடு. எனக்குக் கோபம், வெட்கம், அழுகை எல்லாம் ஒன்றாக வந்தன. கோட்டுக்குள் கற்பூர வாசம் அடித்தது. ஏற்பாட்டாளரைப் பார்த்து, சண்டை போடுகிறேன் என்றேன்.

மறுநாள் விடியும்போது வீடு முழுக்கச் சமையல் வாசம். குளித்து வந்த சின்னம்மா தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தா. எனக்கும் ஒரு இலை போட்டா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பாகற்காய், வடை, பாயாசம். சண்டையன்று காலையில் எண்ணெய்ச் சாப்பாடு கூடாது. நான் இலையையும் அவவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறாய்? நஞ்சு போடேல்லை."

"பாறணை விரதக்காரருக்குத்தானே, சின்னம்மா."

"உனக்கு இலை போட்டது விரதத்துக்கில்லை. சாப்பிடு. மற்றவள் சாப்பிட்டிட்டுத்தானே வருவாள்."

சாப்பிட்டேன். வடையை மட்டும் தவிர்த்தேன். அதையும் எடுத்துச் சாப்பிடும்வரை எழும்ப விடவில்லை. நான் பையைத் தூக்கியபோது அவவும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றா. எங்கே என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

சண்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் சுற்றில் அந்த நாலு கிலோவும் என் நெஞ்சின்மேல் ஏறிப் படுத்திருந்தது. இரண்டாவதில் இடுப்பில் போட்டுத் தூக்கி எறிந்தேன். என் ஜூடோ வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒருவரை எறிந்ததில்லை. கைமூட்டைப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்திருந்தால் முடிந்திருக்கும், ஆனால் மணி அடித்துவிட்டது. அந்த மணி கொஞ்சம் முந்தி அடித்தது என்று இன்றைக்கும் சொல்வேன். மூன்றாவதில் திரும்பவும் என்மேல் வந்து படுத்தாள். நீதிபதிகளில் ஒருவர் எனக்குக் கொடுத்தார், இரண்டு பேர் அவளுக்கு. கையை உயர்த்திக்கொண்டு அவள் துள்ளினாள். நான் தோற்றுவிட்டேன்.

சண்டை நடந்த கம்பிக் கூண்டிலிருந்து இறங்கி வந்தபோது ஏற்பாட்டாளர் என் தோளில் தட்டி, நல்ல சண்டை என்று சிரித்தார். நான் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தேன். இரண்டாம் வரிசையிலிருந்து சின்னம்மா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றா. கோபம் வந்தால் சின்னம்மாவின் ஆங்கிலம் எங்கேயோ போய்விடும்.

"பிள்ளை, இவரிட்டச் சொல்லு. அந்தப் பெட்டையை இப்ப, இந்த இடத்தில, திரும்ப நிறுக்கச் சொல்லு. நேற்றுச் சொன்ன கணக்கு பொய். ரெண்டாந்தரம் மணி அடிச்சவன் ஆர் எண்டு கேள். கடைசியா இருந்த நீதவான் அவளுக்கு என்ன முறை எண்டும் கேள். நேற்றும் சிரிச்சவர், இண்டைக்கும் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார் எண்டு கேளடி!"

அவர் என்னைப் பார்த்து, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சிரிப்பு மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. எனக்கு உதடு வெடித்திருந்தது, பேச வலித்தது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அதுவரைக்கும் என் சார்பில் சந்தேகப்பட நான் ஒருத்திதான் இருந்தேன்.