இவோனின் இழுப்பறைகளும் என் நண்டும்

நான் கதை சொல்ல ஆரம்பித்தால் அரசலாறு ஓடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஆறு நிற்கவில்லை. நாகூர் பஸ் ஒருமுறை நூலக வாசலில் நின்றது, அதுவும் டயர் பஞ்சரானதால். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், காரைக்காலில் நான் வேலை பார்த்த நூலகத்தின் பின்கூடத்தில், சனிக்கிழமைதோறும் என் கதைக்குப் பிள்ளைகள் சன்னல்மேல்கூட உட்கார்ந்திருந்தார்கள் என்பது நிஜம்.

அந்தப் பெருமையை முழுசாக அனுபவிக்க விடாமல் முன்கூடத்தில் ஒருத்தி இருந்தாள். பெயர் இவோன், பிரெஞ்சு மரியாதையில் ஊருக்கு மதாம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கூடப் பிறந்தவர்கள் அத்தனை பேரும் பிரான்சுக்குப் போய்விட, இவள் மட்டும் கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஏன் போகவில்லை என்று கேட்டால், அங்கே குளிரும் என்பாள். அவ்வளவுதான் பதில். என்னைக் கேட்டிருந்தால் அதையே ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பேன்.

அவளிடம் ஒரு மர அலமாரி, அது நிறையச் சின்னச் சின்ன இழுப்பறைகள். மற்ற இடங்களில் ஆசிரியர் பெயர், தலைப்பு என்று அட்டை எழுதி அடுக்குவார்கள். இவோன் அதோடு நிற்கவில்லை. வருகிறவர் எந்த வார்த்தையில் கேட்பாரோ அந்த வார்த்தைக்கும் ஓர் அட்டை எழுதி, அதில் புத்தக எண்களைக் குறித்துவைத்தாள். மண்டபத்தூர் கருப்பையன் வந்து நிற்பார். "பேரு தெரியாதுங்க மதாம். புயல்ல போனவன் திரும்பி வருவான், பொண்டாட்டி வேற கல்யாணம் பண்ணியிருப்பா." புயலுக்கு ஓர் அட்டை, மறுகல்யாணத்துக்கு ஓர் அட்டை, இரண்டிலும் இருக்கிற எண் எதுவோ அதுதான் புத்தகம். டீ ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஊரே வாயைப் பிளந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து நூலகக் குழுச் செயலாளர் திருஞானசம்பந்தம் ஒரு குண்டைப் போட்டார். கதை கேட்கிற பிள்ளைகள் ஒரு புத்தகம்கூட எடுத்துப் போவதில்லை, இப்படியே இருந்தால் பொங்கலோடு கதை நேரத்தை நிறுத்திவிடலாம் என்றார். பிள்ளைகள் எதை எடுப்பார்கள்? என் கதைகள்தாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாதே.

அந்தச் சனிக்கிழமை நண்டுக் கதை சொன்னேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சண்டை போட்டு ஒரு கொடுக்கை இழந்த மண்டபத்தூர் நண்டு, மாதாமாதம் பென்ஷன் வாங்கக் கிளம்புகிறது. பக்கவாட்டிலேயே நடப்பதால் கஜானாவுக்குப் போகாமல், ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கிறது. முடிவைச் சொல்லவில்லை. மிச்சம் புத்தகத்தில் இருக்கிறது, மதாமைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவள் தேடித் தோற்றால், குறை என் கதையில் இல்லை, அவள் இழுப்பறையில்தான் என்று செயலாளரிடம் சொல்லிவிடலாம்.

பிள்ளைகளில் எல்லாரையும்விட வாய் நீண்ட கமர் நிஷா தலைமையில் படை கிளம்பியது. இவோன் இழுப்பறை இழுப்பறையாகத் தேடினாள். நான் கதவோரம் நின்று ரசித்தேன். ஆனால் அவள் இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராக எதிரே உட்காரவைத்து, கதையையும் கேட்டு, முடிவு என்னவாக இருக்கும் என்றும் கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் பழுப்புத் தாளில் அட்டை போட்டுத் தைத்த புத்தகம் மேசைமேல் இருந்தது. ஆசிரியர் சொர்ணாம்பாள் என்று என் பெயர். முடிவு மட்டும் பிள்ளைக்கு ஒன்று. அட்டைகளும் தயார்: நண்டு, பென்ஷன், போலீஸ். 'பொய்' என்ற அட்டையில் மட்டும் எண் இல்லை. 'சொர்ணாம்பாள் காண்க' என்று இருந்தது.

இருந்தது ஒரே பிரதி. காத்திருந்த பிள்ளைகளுக்குக் கடல், சண்டை, திருடன் என்று வேறு புத்தகங்களை எடுத்து நீட்டினாள். செயலாளர் வந்து பார்த்தபோது வரிசை வாசல்வரை. கதை நேரம் பிழைத்தது. ஆனால் அவர் கும்பிட்டது மதாமை. நண்டு என்னுடையது, பொய் என்னுடையது, பாராட்டு அவளுக்கு.

இதில் தாங்க முடியாதது எதுவென்றால், அவளுக்குப் பொறாமை என்பதே கிடையாது. எனக்காகப் பெருந்தன்மையோடு செய்தாள். அந்தப் பெருந்தன்மையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இத்தனை வருஷம் கழித்து இவ்வளவையும் எழுதி, எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்த இவோனிடமே படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள்.

"இது தப்புங்க சொர்ணம். பெருந்தன்மையாவது ஒண்ணாவது. அப்பல்லாம் எங்கிட்ட வர்ற பிள்ளைங்க புத்தகத்தை வாங்கிக்கிட்டு ஓடிப்போயிடும். உங்ககிட்ட வந்தா எந்திரிக்கவே மாட்டாதுங்க. ஒரு நாளாவது என் முன்னால உக்காரட்டும்னுதான் ஒவ்வொண்ணா கூப்பிட்டு அந்தக் கதையைக் கேட்டேன்."